நாக்கு சொன்ன நாடு

எல்லை வாசலில் மீராளின் முறை வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. இருட்டுவதற்குள் வாசலை அடைத்துவிடுவார்கள், அப்புறம் ஆயுசுக்கும் திறக்க மாட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம், பிறைநாட்டில், அவள் கணவன் காசிமும் ஆறு வயது மகள் மிஸ்ரியாவும் காத்து நின்றார்கள். அவர்கள் முன்னமே போய்விட்டார்கள். சாகக் கிடந்த தன் உம்மாவை அடக்கம் செய்துவிட்டு வருகிறேன் என்று இவள் மட்டும் பின்தங்கினாள். அதற்குள் இந்தப் பாழாய்ப்போன கருவி வந்து சேர்ந்தது.

இந்துக்களுக்குத் தீபநாடு, முஸ்லிம்களுக்குப் பிறைநாடு என்று கோடு கிழித்தாயிற்று. மதம் வேறென்றால் தேசம் வேறு, தேசம் வேறென்றால் பேச்சும் வேறாகத்தானே இருக்கும்? இரண்டு பக்கத்துப் பெரிய மூளைகளும் சண்டையில்லாமல் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றுதான். பெயரை மாற்றலாம், உடுப்பை மாற்றலாம், நாக்கை என்ன செய்வது? ஆகவே சொல்வேர்மானி. ஆள் பேசப் பேச ஒவ்வொரு சொல்லின் வேரையும் அது தோண்டிப் பார்க்கும். அரபி, பாரசீக வேர் மிகுந்தால் பச்சை விளக்கு, பிறைநாடு. இல்லையென்றால் காவி விளக்கு, தீபநாடு. ஆளுக்கு இரண்டு வாய்ப்பு, அதற்கு மேல் அல்லாவே வந்து சொன்னாலும் நடக்காது.

நேற்று வீட்டில் நடந்ததைச் சொல்லும்படி கருவி கேட்டது. மீராள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். நோன்பு பிடித்தது, தொழுதது, பள்ளிவாசல் கஞ்சியால் நோன்பு திறந்தது, மீன் ஆணம் காய்ச்சிச் சோறு தின்றது, மறுமையில் உம்மாவுக்கு நல்ல இடம் கிடைக்க அழுதது.

காவி விளக்கு எரிந்தது.

அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகத் தொழுகிற குடும்பம் தன்னுடையது என்று மன்றாடினாள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி பரமகுருநாதன் தீபநாட்டுக்காரர். கோர்ட்டு வழக்கறிஞராக இருந்து, இந்த இரு தேசச் சட்டத்தை எழுதிய குழுவிலும் உட்கார்ந்தவர். நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருந்தது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இந்தாம்மா, தகராறு பண்ணாத. இது அசல் சர்க்கார் மிஷின். அது சொன்னத ரத்து பண்ண எனக்கு ஹோதா இல்ல. ஜில்லா வக்கீல் சிபாரிசு இருந்தா ஆஜராகு."

அவர் பேச்சுக்குப் பச்சை விளக்கு பளீரென்று எரிந்தது. தகராறு, அசல், ரத்து, ஜில்லா, வக்கீல் அத்தனையும் அரபி, பாரசீக வேராம். பிறைநாடு உங்களை வரவேற்கிறது என்று கருவி மரியாதையாகச் சொல்லிற்று.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். பரமகுருநாதன் முகம் வெளுத்துப்போய், அதிகாரிகளுக்கு விதிவிலக்கு உண்டு என்று அவசரமாக ஒரு பொத்தானை அமுக்கினார். வரிசையில் நின்றவர்களுக்குச் சிரிக்கவும் பயமாக இருந்தது. மீராள் சிரிக்கவில்லை. அந்த மனிதர் பேசியதை வார்த்தை வார்த்தையாக நெஞ்சுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். காவலர்கள் வாசல் கதவுக்குச் சங்கிலி எடுத்து வந்துவிட்டார்கள்.

இரண்டாம் வாய்ப்பு வேண்டும் என்று கருவியின் முன் மறுபடி நின்றாள். பொய் சொல்கிறோமே, அதுவும் நோன்பு வாயோடு, என்று குறுகுறுத்தது. வேலிக்கு அப்பால் மகளின் சிவப்புச் சட்டையைப் பார்த்தாள்.

"நேத்து வீட்டுல ஒரே தகராறு. பத்திரம் அசலா நகலான்னு. வக்கீல் ஆஜராகி, ஜில்லா சிபாரிசுல எல்லாத்தையும் ரத்து பண்ணிட்டாரு."

பச்சை.

பரமகுருநாதன் வாயைத் திறந்தார். கருவியைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

திருநீறு பூசிய கோர்ட்டு வக்கீலைப் போலப் பேசி, முஸ்லிம் என்று முத்திரை வாங்கிக்கொண்டு மீராள் ஓடினாள். பின்னால் சங்கிலி விழுந்தது. பிறைநாட்டு மண்ணில் ஆயிரம் பேர் நின்றார்கள், ஒரு முணுமுணுப்பு இல்லை. காசிம் அவளைக் கண்டதும் அழுதான். அழுதுகொண்டே உதட்டில் விரலை வைத்து மேலே காட்டினான். பத்தடிக்கு ஒரு கம்பம். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சொல்வேர்மானி. தப்பி வந்த அந்நிய நாக்கைப் பிடித்துத் திருப்பி அனுப்ப வைத்திருக்கிறார்களாம்.

மிஸ்ரியாவுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? பாய்ந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"உம்மா! நானும் இன்னைக்கு நோன்பு. தொழுதுட்டு நெறைய சோறும் ஆணமும் திம்போம், என்ன?"

கம்பத்தின் உச்சியில் காவி விளக்கு மினுங்கத் தொடங்கியது. மீராள் மகளை மார்போடு அணைத்தாள். அணைத்த கையோடு அவள் வாயை இறுகப் பொத்தினாள்.