காலித் தொட்டியும் காய்ந்த துணியும்

"டாக்டர், என் கிரில் எல்லாம் போச்சு!"

அண்டார்டிகாக் கடலில் நின்றிருந்த சிலி நாட்டு ஆய்வுக் கப்பலின் மருந்தறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள் ஹிமெனா. கிரில் என்பது திமிங்கிலங்கள் தின்னும் சின்ன இறால். முட்டையிடும் தறுவாயிலிருந்த கிரில்களை அவள் தொட்டியில் வளர்த்து வந்தாள். போன கோடையில் வெறுங்கையோடு ஊர் திரும்பியவள் அவள். இன்று ரப்பர் படகில் கடல்நீர் எடுக்கப் போய் வருவதற்குள் தொட்டி காலி.

டாக்டர் ஒஹேதா நிதானமாக எழுந்தார். வானொலி இயக்குநர் யெர்கோவும் கூடவே ஓடி வந்தான்.

"கமிலோதான் டாக்டர்! நேத்து வலைக்காக அவனும் ஹிமெனாவும் போட்ட சண்டை கப்பலுக்கே கேட்டுச்சு. 'உன் இறாலைக் கடல்ல கொட்டு'ன்னானே!"

ஆய்வறையில் தொட்டியின் உட்சுவரில் இன்னும் ஈரம் இருந்தது. வெளிப்புறம் காய்ந்திருந்தது. அடியில் விரித்திருந்த துணியை டாக்டர் தொட்டுப் பார்த்தார். அதிலும் ஈரமில்லை. வடிகுழாய் இறுக மூடியிருந்தது. குளிரூட்டி ஓடவில்லை.

"போறப்ப அதையும் நிறுத்திட்டான் பாவி" என்றாள் ஹிமெனா.

சக ஆய்வாளன் கமிலோவை யெர்கோ இழுத்துவராத குறையாக அழைத்து வந்தான். அவன் கைகள் சிவந்து வெடித்திருந்தன.

"அந்த வெதுவெதுப்பான தண்ணில எனக்கென்ன வேலை?" என்று முறைத்தான் கமிலோ.

டாக்டர் சிரித்தார். "யெர்கோ, மத்தியானச் சாப்பாடு எப்படி?"

"சூப்பா அது? கரண்டி நிக்குது, அவ்வளவு முட்டைக்கோஸ்! ஒரு வாரத்துக் காயை ஒரே நாள்ல போட்டுட்டாங்க."

"ஹிமெனா, குளிர்ந்த தொட்டி வெளிப்பக்கம் வியர்த்துக்கிட்டே இருக்கும். உன் துணி எப்பவும் நனைஞ்சிருக்கும், இல்லையா? உள்ள ஈரம் காயல, அதனால காலி பண்ணிக் கொஞ்ச நேரம்தான் ஆச்சு. ஆனா துணி காஞ்சிருக்கு. அப்போ குளிரூட்டி முதல்லயே பழுதாகி நின்னு, தண்ணி சூடேறியிருக்கு. கொல்ல வந்தவன் குழாயைத் திறந்து விட்டுட்டுப் போவான். இவன் கிண்ணத்தால மொண்டிருக்கான். தண்ணி வெதுவெதுப்பா இருந்ததுன்னு நாம யாரும் சொல்லல. கமிலோ சொன்னான். கையைப் பாரு, பனித்தண்ணில ஊறின கை. அந்தக் குளிர்ல இறாலை வைக்க ஒரே இடம் சமையற்கட்டுக் குளிர் அறை. அதுக்காகத்தான் அங்கிருந்த காயெல்லாம் சூப்புக்குள்ள போச்சு."

ஹிமெனா காத்திருக்கவில்லை, ஓடினாள்.

குளிர் அறையில் வரிசையாக வாளிகள். ஒவ்வொன்றிலும் கடல்நீரும் பனிக்கட்டியும். நடுவே கால்களைத் துடுப்பாய் அடித்து நீந்தின கண்ணாடி உடல்கள். ஒரு வாளியின் அடியில் மணல் தூவியதுபோல் முட்டைகள்.

பின்னால் வந்து நின்றான் கமிலோ. "ஒரு வாளியில இருந்தது செத்துப்போச்சு. மத்தது பிழைக்குமான்னு தெரியாம உன்கிட்ட எப்படிச் சொல்ல? நான்தான் கொன்னேன்னு நினைப்பே."

"நினைச்சேன்" என்றாள் அவள். "கமிலோ, இப்ப நன்றின்னு சொன்னா அழுதுடுவேன்."

"அப்போ சொல்லாத. இந்த வாளியைப் பிடி, தண்ணி மாத்தணும்."

அவள் பிடித்தாள். அழவும் செய்தாள்.