கயிற்று முனையில் வெள்ளை நூல்

காலை ஆறு மணி. நாரணாபுரத்து வீட்டில் ஜெயபாண்டி பயணப் பையைத் திறந்தான். மேலாகவே பாறையேறும் கயிறு மூன்று துண்டாகக் கிடந்தது. கூடாரம், அடுப்பு எதற்கும் சேதமில்லை.

அன்று சாயங்காலம் ரயில். ராஜஸ்தானில் ஒரு பாலைவனச் சரணாலயத்தில் பாறையேறி, நடந்து, கூடாரமடித்துத் தங்க அவனும் நண்பன் சாபிரும் மாதக்கணக்கில் திட்டமிட்ட பயணம். மூன்றாவது ஆள் சப்-இன்ஸ்பெக்டர் கற்பகவல்லி. இதற்கு லீவு வாங்க அவர் பட்ட பாடு தனிக்கதை.

ஜெயபாண்டி போனில் சொன்னதும் ஏழு மணிக்கு வந்துவிட்டார்.

"யாரு மேல சந்தேகம்?"

"சாபிருதான் மேடம். நேத்து இங்கனதான் பையக் கட்டுனோம். முதல்ல யாரு ஏறுறதுன்னு சண்டை. கோவிச்சுட்டுப் போனான்."

கற்பகவல்லி வரச் சொல்லி வந்த சாபிர், விருதுநகர் பலசரக்குக் கடைக்காரர் மகன், வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. கண் கலங்கியிருந்தது.

"ஏலே, உன் உசுரு தொங்குற கயித்த நான் வெட்டுவனா?"

பள்ளிக்கூடத்திலிருந்து ஒட்டிக்கொண்ட சிநேகம் அந்த வாசலிலேயே முடிந்துவிடும் போலிருந்தது.

கற்பகவல்லி துண்டுகளைத் திருப்பிப் பார்த்தார். வெட்டிய ஒவ்வொரு முனையிலும் வெள்ளை நூல் இறுக்கிக் கட்டியிருந்தது.

"இந்தக் கயித்த வெட்டுனா, முனை பிரியாம இருக்க என்ன செய்வீக?"

"தீயில காட்டி உருக்குவோம்." இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

கதவு உடைபடவில்லை. வீட்டில் இன்னொருவர் ஜெயபாண்டியின் அம்மா பஞ்சம்மாள்தான். பட்டாசுக் கம்பெனியில் திரி வெட்டுகிறவர். டீ கொண்டுவந்து வைத்தார்.

"அக்கா, திரிக்கட்ட எப்படி வெட்டுவீக?"

"வெட்டுற இடத்துக்கு ரெண்டு பக்கமும் நூலு கட்டிருவோம் தாயி. இல்லேன்னா வெடிமருந்து கொட்டி..."

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"கயித்தக் கெடுக்க நினைக்கிறவக முனையப் பத்திக் கவலைப்பட மாட்டாக. உங்க கை பழக்கத்துல கட்டிருச்சு, அக்கா."

பஞ்சம்மாள் சுவரை நிமிர்ந்து பார்த்தார். சுவரில் மூத்த மகன் ஊர்க்காவலனின் படம் மாலையோடு தொங்கியது. போன பட்டாசு சீசனில் கம்பெனி வெடிவிபத்தில் போனவன்.

"ஒளிச்சு வச்சா தேடி எடுத்துருவான். தெரியாம பாதி வெட்டி வச்சா பாறையில அந்துரும். அதான் கண்ணுல படுறாப்புல வெட்டுனேன். மூத்தவன மருந்துக்குக் குடுத்தேன். இவனப் பாறைக்கும் குடுக்கணுமா?"

ஜெயபாண்டி பையின் அடியிலிருந்து ஒரு ஜோடி ஷூவை எடுத்தான்.

"அண்ணன் வாங்குனதும்மா. பாலைவனத்துக்குப் போகணும்னு ஆசைப்பட்டது அவந்தான். ஒருநாக்கூடப் போடல."

ஷூவை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். சாபிர் உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மன்னிச்சுருலே. உன்னயப் போயி சந்தேகப்பட்டுட்டேன்."

சாபிர் அவன் தோளில் கைபோட்டுக்கொண்டான்.

பஞ்சம்மாள் அழுது முடித்தார். ஷூவை முந்தானையால் துடைத்து, தன் கையாலேயே பையில் வைத்தார்.

"பாறை வேண்டாம்லே. மணல்ல நடந்து பாத்துட்டு வா."

"சரிம்மா. பத்து நாள்ல வந்து..."

"எப்ப வருவேன்னு மட்டும் சொல்லாத. உங்கண்ணன் சாயங்காலம் வந்துருவேன்னு சொல்லிட்டுத்தான் போனான்."