ஐயனார் மரத்தடிக் கூடாரம்

“ஐயோ, என்ன வேலை பாக்கிறியள்?”

கேத்திலுக்குக் கீழே நெருப்பை ஊதிக்கொண்டிருந்த கனகலிங்கம் திடுக்கிட்டு நிமிர்ந்தான். காட்டுப்பாதையில் ஒருத்தி... அப்பப்பா, அந்தக் கண்கள்! மை தீட்டாமலே இவ்வளவு கருமை இருக்குமா என்று யோசித்தபடியே சொன்னான்.

“தேத்தண்ணி வைக்கிறன்...”

“எந்தக் குழையை எரிக்கிறியள் எண்டு தெரியுமோ?”

அவன் மானிப்பாயில் படிப்பிக்கும் வாத்தியார். விடுமுறை விட்டால் போதும், சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவான். அறுபதாம் ஆண்டுச் சித்திரை விடுமுறைக்கு மாங்குளத்துக் காடு. பாலை மரத்தடியில் இலையும் கொப்புமாய்க் குழை குவிந்து கிடக்க, யாரோ தனக்காகவே சேர்த்து வைத்ததாக நினைத்துவிட்டான், பாவம்.

“காட்டுக்குள்ள போறவை பத்திரமாத் திரும்பி வரவேணும் எண்டு ஐயனாருக்கு முறிச்சு வைக்கிற குழை அது! அப்பா மாடு தேடிப் போனவர், இன்னும் வரேல்லை. அவருக்கெண்டு காலைமை நான் வைச்ச பச்சைக் குழையும் உங்கட நெருப்பில புகையுது...”

“சத்தியமா எனக்குத் தெரியாது...”

“கூடாரத்தைக் கழட்டிக்கொண்டு போங்கோ!”

அவசரமாக நெருப்பை அணைத்தான். “போறன். ஆனா உங்கட அப்பா வராமல் போகமாட்டன்.”

இராசமலர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குடியேற்றத் திட்டத்தில் வயல் செய்யும் வீரகத்தியின் ஒரே மகள், பிடிவாதக்காரி. இவனோடு இனி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று மனதுக்குள் சபதமே செய்துவிட்டாள்.

அப்போது பார்த்து மழை பொத்துக்கொண்டு ஊற்றியது!

“உள்ளுக்குப் போங்கோ,” என்று கூடாரத்தின் வாசல் துணியைத் தூக்கிப் பிடித்தான். அவள் போனாள். அவனோ வரவில்லை... மழையிலேயே நின்றான்.

அவள் உள்ளே சுற்றிப் பார்த்தாள். இரண்டு தடி, ஒரு படங்குத் துணி, நாலு கயிறு... ஒரு வீடே எழும்பி நிற்கிறதே! ஒரு சொட்டும் ஒழுகவில்லை. பக்கத்தில் ஒரு கொப்பி. பக்கம் பக்கமாய் வெட்டி ஒட்டிய படங்கள். பனிமலை அடியில் கூடாரம், ஏரிக்கரையில் கூடாரம், வாசலில் பிள்ளைகளோடு சிரித்துச் சாப்பிடும் வெள்ளைக்காரர்... சபதம் எங்கே போனதோ!

“இவையெல்லாம் வீடில்லாத ஆக்களோ?”

வெளியே சிரிப்புச் சத்தம். “வீடிருக்கு. வானத்தைப் பாத்துக்கொண்டு படுக்கிறதுக்கெண்டே வாறவை.”

“விசர்...”

“ஓம். எனக்கும் அந்த விசர்தான்.”

எவ்வளவு அழகான பைத்தியம்! துணி இடுக்கால் எட்டிப் பார்த்தாள். தலைமயிரில் நீர் சொட்ட, உடம்பு வெடவெடக்க, அப்பா வரும் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றான். இப்படியும் ஒருவனா... அவள் நெஞ்சு இளகிவிட்டது.

மழை விட, வீரகத்தி மாட்டோடு வந்து சேர்ந்தார். இராசமலர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“கூடாரம் இருக்கேக்க ஏன் தம்பி நனைஞ்சனீங்கள்?”

“உள்ள உங்கட மகள் இருந்தவா, ஐயா.”

வீரகத்தி அவனை ஏற இறங்கப் பார்த்தார். “வீட்டை வந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ,” என்றுவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு முன்னே நடந்தார்.

கனகலிங்கம் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான். “சொன்னபடி கழட்டிறன்... ஆனா மனம் வரேல்லை. உங்களை எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து கேட்டால் கோவிப்பியளோ?”

அவள் தாவணி நுனியை முறுக்கினாள்.

“உள்ள இருக்கேக்க ஐயனாரிட்ட ரெண்டு வரம் கேட்டனான்.”

“அப்பா வரவேணும்... மற்றது?”

“மழை விடக்கூடாது எண்டு.”

“நான் நனைஞ்சுகொண்டு நிக்கேக்கயோ?”

“ஓம்...” இராசமலர் முதன்முதலாக அவனை நேரே பார்த்தாள். “மழை விட்டால் நீங்கள் போயிடுவியளே!”