பத்தாயிரம் அடித் தூசு

தொலைபேசி அலறியது!

இன்ஸ்பெக்டர் இராமநாதன் எரிச்சலோடு எடுத்தார். தூங்காத கண்கள். எங்கோ தூரதேசத்தில் ஓர் அணு உலை வெடித்தாலும் வெடித்தது... கண்டிக் கடைகளில் பால்மாவுக்கும் முகக்கவசத்துக்கும் அடிதடி. எல்லாம் அவர் தலையில்!

"சேர்... நான் நிருஷா. பேராதனை ஆய்வுகூடத்தில இருந்து. எங்கட டொக்டர் நவரட்ணராஜாவை ஆரோ கொலை செய்துபோட்டாங்கள்!"

ஜீப் மழையில் பறந்தது.

மேசையடியில் டொக்டர். பின்மண்டையில் இரத்தம். பக்கத்தில் ஓர் ஈயக்கட்டி... கதிர்வீச்சைத் தடுக்க அடுக்கி வைப்பது.

இராமநாதன் கதிரையில் பொத்தென்று விழுந்தார். முழங்கால் விண்விண்ணென்றது. சுவரோரம் நிருஷா நின்றாள்.

"இங்க என்னம்மா வேலை செய்றீங்க?"

"விமானத்தில போய்த் தூசு பிடிக்கிறம் சேர். ஒவ்வொரு உயரத்துக்கும் ஒவ்வொரு வடிகட்டித் தாள். கீழ வந்து கதிர்வீச்சை அளப்பம். நேற்று நான்தான் போனனான். ஆயிரம் அடி... சுத்தம். ஐயாயிரம்... சுத்தம். பத்தாயிரத்தில..." மேசையிலிருந்த தாளைக் காட்டினாள். "நஞ்சு! இந்த மழை அதைக் கீழ கொண்டுவரும். தேயிலை முழுக்க..."

கம்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இந்நேரம் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பாள் அவர் தங்கச்சி.

"டொக்டருக்கு யாராச்சும் எதிரி இருக்காங்களா?"

"பைலட் சேந்தன்! சனம் பயந்திடும், அறிவிக்கவேண்டாம் எண்டு சண்டை பிடிச்சவர்."

இராமநாதன் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டார்.

"சேந்தன்! நேத்து பத்தாயிரம் அடியில புடிச்ச தூசியப் பத்தி டொக்டரோட என்ன சண்டை?"

"பத்தாயிரமோ? அங்க போகவே இல்லையே சேர்! ஹந்தானை மலைக்கு மேல இடி மேகம். ஐயாயிரத்தோட திருப்பிட்டன். காலமை டொக்டரும் போனில இதைத்தான் கேட்டவர். சண்டையோ? ராடார்க்காரரையும் கேட்டுப் பாருங்கோ!"



இராமநாதன் மெல்லத் திரும்பினார்.

"போகாத ஒசரத்துல இருந்து தூசி எப்டிம்மா வந்திச்சு?"

நிருஷா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"கருவியைச் சோதிக்க வச்சிருக்கிற கதிர்வீச்சுத் தூளைத் தாளில தடவினன்... அவர் கண்டுபிடிச்சிட்டார். எல்லாருக்கும் சொல்லப்போறன் எண்டார். கையில கிடைச்சதை எடுத்து..."

"ஏம்மா... ஏன்?"

"இத்தனை வருசம் பறந்தன் சேர்! எந்த உயரத்திலயும் பூச்சியம்... பூச்சியம்! ஆரும் திரும்பிப் பாக்கேல்ல. ஒருக்கா எண்டாலும் ஏதாவது கிடைக்கக்கூடாதோ?"

இராமநாதனுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே! தங்கச்சியின் தலைக்கு மேலே ஐயாயிரம் அடி வரைக்கும் வானம் சுத்தம். இன்றைக்கு அது போதும்.

விலங்கை எடுத்தார்.

"வாங்கம்மா, போவோம். ஜெயில்ல ஒங்களுக்கு ஒரு நம்பர் குடுப்பாங்க... நிச்சயமா அது பூச்சியமா இருக்காது!"