பதினைந்தடிக் கோல்

பன்னாட்டு விளையாட்டுப் போட்டி நடந்த மைதானத்தில், தொலைந்த பொருள் அலுவலகத்துக்குக் குடையையும் மூக்குக்கண்ணாடியையும் தேடித்தான் ஆட்கள் வருவார்கள். அன்று காலை ஒன்பது மணிக்கு வந்தவர் தேடியது வேறு.

"என் மகளோட கோலைக் காணோம். பதினஞ்சடி நீளம். பத்து மணிக்கு அவ கோலூன்றித் தாண்டணும். அடுத்தவங்க கோல் அவ எடைக்கு ஒத்துவராது," என்றார், மகளுக்குப் பயிற்சியாளராகவும் இருந்த அந்தத் தந்தை. "எங்க நாட்டுலேருந்து வந்ததே நாங்க ரெண்டு பேர்தான். விமானம் தாமதமாகி இன்னிக்குக் காலையிலதான் வந்து சேர்ந்தோம்."

அலுவலகத் தலைவர் டீக்கோப்பையைக் கீழே வைக்கவில்லை. பதறி எழுந்தது, அப்போதுதான் டீ குடிக்க உள்ளே வந்திருந்த அவர் மச்சான்தான். வாசல் காவலுக்கு வந்த நாளிலிருந்து ஒரு சதியையாவது பிடித்துவிட வேண்டும் என்று அவருக்குக் கை துறுதுறுத்தது.

"எதிராளிங்க வேலை, அத்தான். துண்டு துண்டா அறுத்துப் பையில போட்டிருப்பாங்க."

"கோலோட உறை எங்கே?" என்று அத்தான் கேட்டார்.

"காலியா நடைபாதையிலேயே கிடக்குது," என்றார் பயிற்சியாளர். "பக்கத்துல இந்தக் கயித்துத் துண்டு."

வெள்ளை நைலான் கயிறு. அத்தான் அதை விரலில் சுற்றிக்கொண்டார். "திருடறவன் உறையோட தூக்கிட்டுப் போவான். இவனுக்கு மறைக்கணும்னே தோணலை. வாசல் வழியா ஏதாவது போச்சா, மச்சான்?"

"விடிஞ்சதுலேருந்து நான்தானே நிக்கிறேன். ஒரு குச்சிகூடப் போகலை."

மூவரும் வாசலுக்கு நடந்தார்கள். நாற்பத்து மூன்று நாட்டுக் கொடிகள் காற்றில் படபடத்தன. எல்லாமே வெள்ளை நைலான் கயிற்றில் கட்டியவை.

"கொடியைப் பாக்காதே, கம்பத்தைப் பாரு. தாண்டற கோல் வளையும். இரும்பு வளையுமா?" என்றார் அத்தான்.

நாற்பத்திரண்டு கம்பங்கள் விறைப்பாக நின்றன. கடைசிக் கம்பம் மட்டும் காற்றுக்கு வளைந்து வளைந்து நிமிர்ந்தது. நட்டபோது கொடிக்கம்பம்தானே என்று விட்டுவிட்டு, மச்சான் காலையிலிருந்து அதன் அடியில்தான் நின்றிருந்தார். அவருடைய மானம் கப்பலேறியது.

கொடிகளைக் கட்டிய அலங்காரக்காரரைக் கூப்பிட்டதும் மனிதர் நெளிந்தார். "ஒரு நாடு வராதுன்னாங்க, கம்பத்தைத் திருப்பிக் கொடுத்துட்டேன். காலையில பாத்தா வந்து நிக்கிறாங்க. கொடி இல்லாட்டி மனசு கஷ்டப்படுமேன்னு, சும்மா கிடந்ததை எடுத்து நட்டுட்டேன்."

பயிற்சியாளர் அண்ணாந்து பார்த்தார். "அது எங்க கொடிதான்," என்றார். கண் கலங்கிவிட்டது. எல்லாக் கொடியும் பறக்கையில் தன் நாட்டுக் கொடியை மட்டும் இறக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மணி ஒன்பதே முக்கால்.

மச்சான் ஏணியைக் கொண்டுவந்தார். கொடியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, கோலைப் பிடுங்கிக் கொடுத்தார். பிறகு ஏணியின் உச்சிப்படியில் ஏறி, கொடியை இரண்டு கையாலும் தலைக்குமேல் விரித்துப் பிடித்துக்கொண்டார்.

பத்தரைக்கு உள்ளே கைதட்டல் எழுந்தது.

"தாண்டிட்டாளா, அத்தான்? கை கழண்டு விழுது."

அத்தான் வாசல் வழியாக எட்டிப் பார்த்தார். "தாண்டிட்டா. இன்னும் ரெண்டு சுத்து இருக்கு, கையை இறக்காதே."

மச்சான் இறக்கவில்லை.