பட்டினி வாசம்

“இறங்குங்க சார்!”

டாக்ஸியை ஓரங்கட்டிவிட்டு அவள் திரும்பினாள். மழையில் நனைந்து ஏறியவன் திருதிருவென விழித்தான். அவன் மூச்சில் அழுகிய பழத்தின் நெடி... அப்பாவின் உயிரைக் குடித்தே தீர்த்த வாடை அவளுக்குத் தெரியாதா?

“குடிச்சவங்கள நான் ஏத்தறதில்ல.”

“ஐயையோ... நான் சாப்பிடவே இல்லங்க! எங்க ஆராய்ச்சிக்கு மத்தவங்களப் பட்டினி போடறதுக்கு முன்னாடி நானே இருந்து பாக்கறேன். இது கல்லீரல் பண்ற வேலை!”

கல்லீரல் என்று சொன்னதும் சோர்ந்திருந்த கண்களில் அப்படியொரு வெளிச்சம்!

“சாப்பாடு நின்னா, கல்லீரல் சேத்து வெச்ச சர்க்கரைய எடுத்துக் கொடுக்கும். அதுவும் தீர்ந்து, இன்சுலின் இறங்கிட்டா, உடம்புக் கொழுப்ப வாங்கி எரிச்சுக் கீட்டோன் செய்யும். மூளைக்கு அப்ப அதுதான் சாப்பாடு. கொஞ்சம் மூச்சுல கசியும்... அந்த வாடைதான் இது.”

“அப்ப கல்லீரல் என்ன சாப்பிடும்?”

“கொழுப்ப வெச்சே ஒப்பேத்திக்கும். தான் செஞ்ச கீட்டோன அதால எரிக்க முடியாதுங்க. அவ்வளவும் மத்தவங்களுக்குத்தான்!”

பிறர் பசியாற்றும் ஓர் உறுப்பு... அதை இப்படிக் கொண்டாடும் ஒரு மனிதன்! மீண்டும் வண்டியைக் கிளப்பியவள், அடுத்த சிக்னலில் கண்ணாடி வழியே அவன் கண்களைப் பார்த்ததில் பச்சை விளக்கு விழுந்ததையே கவனிக்கவில்லை.

அதன்பின் அடிக்கடி அவள் வண்டியில்தான் வந்தான். ஒரு நாள் வீட்டுக்கே வந்தான்... அதுவும் பட்டினி நாளில். கதவைத் திறந்தது சலவைக்கடை வைத்து அவளை ஆளாக்கிய அக்கா. மூச்சு பட்டதும் முகம் சுளித்தாள்.

“இன்னொரு குடிகாரன் இந்தப் படி ஏற வேணாம்!”

அக்காவின் முகத்தைப் பார்த்ததும் தங்கைக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவனுக்கோ சுருக்கென்றது. “நம்பாத வீட்டு வாசல்ல நின்னு நான் வாய ஊதிக் காட்ட மாட்டேங்க.” போய்விட்டான்.

“அவன மறக்கறேன்னு சொல்லு. அதுவரைக்கும் பச்சத் தண்ணிதான் எனக்கு!” அக்கா படுத்துவிட்டாள்.

இவளும் மசியவில்லை. மூன்றாம் நாள் காலை, தண்ணீர் கொடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

“அக்கா... நீ குடிச்சிருக்கியா?”

“நாக்கு அழுகிடும்டி உனக்கு!”

“அப்ப ஊதிப் பாரு.”

அக்கா உள்ளங்கையில் ஊதி முகர்ந்தாள்... திகைத்தாள். தங்கை எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது அக்காவின் கண் கலங்கியிருந்தது.

“அப்பா போனதுலருந்து எனக்கு எல்லா மூச்சும் அவரு மூச்சாவே படுதுடி... அந்தப் பிள்ளைய அழைச்சிட்டு வா. அதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் பால் குடு.”

ஆய்வுக்கூட வாசலில் அவன் விறைப்பாகத்தான் நின்றான். “வீட்டுல நம்பிட்டாங்களா?”

“அக்கா இன்னிக்கு நம்பினா. நான் அன்னிக்கே நம்பினேன்... ஆனா வாயத் திறக்கல. பயம். தப்பு என்னோடதுதான்.” ஓரடி முன்னால் வந்தாள். “நீங்க இல்லாம வண்டி ஓட்டவே பிடிக்கல...”

அவன் விறைப்பெல்லாம் கரைந்தது.

“எங்க தெருவுலருந்து நேரா இந்த வாசலுக்கே பஸ் இருக்குங்க,” என்றான் மெதுவாக. “உங்க டாக்ஸி வரட்டும்னு ஒவ்வொண்ணா விட்டுட்டு நின்னேன்... உங்கள அவ்வளவு பிடிக்கும்.”