சூடு ஆறாத மணல் பை

"ஐயோ... அண்ணா!"

அலறல் கார் ஷெட்டின் தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

அலறியது தம்பி. அண்ணன் வீட்டில் சாப்பிட்டு, அண்ணன் வீட்டில் தூங்கி, அண்ணனையே ஊரெல்லாம் குறை சொல்லித் திரியும் நாற்பது வயதுத் தம்பி.

அண்ணன் தரையில் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் மரத்தை இறுக்கிப் பிடிக்கும் ஓர் இரும்புக் கிளாம்ப்... அதன் முனையில் ரத்தம்!

ஏட்டோடு வந்து இறங்கிய பெண் இன்ஸ்பெக்டர், ஷெட்டில் வரிசையாக நின்ற பழங்காலக் கார்களை நோட்டம் விட்டார்.

"இத்தனையும் உங்க அண்ணனோடதா?"

"ஆமா மேடம்."

"இதுல எது ஓடும்?"

"எதுவும் ஓடாது மேடம்."

"நல்ல ரசனை!"

ஒரு கறுப்புக் காரின் டேஷ்போர்டு கழற்றப்பட்டு, மேஜைமேல் கிடந்தது. அதன்மேல் ஒரு மணல் பை. இன்ஸ்பெக்டர் தொட்டார். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"சுடுதே...!"

"சுடத்தான் செய்யும்" என்றது வாசலில் ஒரு குரல்.

கார்களின் உள்பக்க மரவேலையைப் புதுப்பிப்பவர். எல்லோரும் அவரைத் 'தங்கக்கை' என்பார்கள். முதன்முதலில் அப்படிச் சொன்னவர் அவரேதான்.

"சொல்லி அனுப்பினீங்களாம், வந்தேன். பாவம், நல்ல மனுஷன்."

பாவம் என்ற சொல்லில் பாவமே இல்லை.

"இந்த மணல் பை எதுக்கு?"

"டேஷ்போர்டு வளைவா இருக்கு பாருங்க மேடம். அதுமேல வெனீர் ஒட்டணும். மரத்தைக் காகிதம் மாதிரி சீவினதுதான் வெனீர். காய்ஞ்சது காய்ஞ்சபடி வளைச்சா படார்னு வெடிச்சிடும். தண்ணியில ஊற வெச்சு, பசை தடவி, மேல சூடா மணல் பையை ஏத்தினா, வளைவோட ஒழுங்காப் படியும். சூடு ஆறினாத்தான் பசை பிடிக்கும்."

"அப்ப, இதை ஏத்தினவன் கொஞ்ச நேரம் முன்னாடி இங்கதான் இருந்திருக்கான்!"

"அதையேதான் நானும் சொல்ல வந்தேன்." தங்கக்கை தம்பியைக் கைகாட்டினார். "நான் காலையிலயே வீட்டுக்குப் போயிட்டேன். போறப்ப இவருதான் இங்க நோண்டிக்கிட்டு இருந்தாரு. 'நானே ஒட்டிக் காட்டறேன்'னு அண்ணன்கிட்ட சவால் வேற!"

தம்பி துள்ளினான்.

"பச்சைப் பொய் மேடம்! எனக்குத் தபால் தலைகூட ஒழுங்கா ஒட்ட வராது!"

"நீ எங்க இருந்தே?"

"மாடியில... மத்தியானத் தூக்கத்துல இருந்தேன்."

"பார்த்தவங்க?"

"நான் தூங்கறதை யாரு மேடம் வேடிக்கை பார்ப்பாங்க?"

"ஏட்டு! விலங்கை எடுங்க."

தம்பியின் முகம் வெளிறியது. அழுதே விட்டான்.

"அண்ணனை எனக்குப் பிடிக்காதுதான் மேடம். ஆனா அவரு போயிட்டா எனக்குச் சோறு யாரு போடுவாங்க?"

ஷெட்டில் அதுவரை யாரும் பேசியதில் அதுதான் உண்மை போலிருந்தது. ஆனால் கோர்ட்டில் செல்லுபடியாகாதே!

விலங்கு மாட்டியாயிற்று. இன்ஸ்பெக்டர் கந்தல் துணியால் மணல் பையைப் பிடித்துத் தூக்கினார்.

கீழே வெனீர் மினுமினுத்தது. செம்பழுப்புச் சுழிகள். இடப்பக்கச் சுழி, கண்ணாடியில் தெரிவதுபோல வலப்பக்கமும். நடுவில் இரண்டு துண்டும் சேரும் மூட்டு எங்கே என்றே தெரியவில்லை.

"சே! என்ன கண்றாவி வேலை இது?" இன்ஸ்பெக்டர் முகத்தைச் சுளித்தார். "கொலையையாவது ஒழுங்கா செஞ்சே. இதை இப்படிச் சொதப்பி வெச்சிருக்கியே!"

தம்பி விழித்தான்.

தங்கக்கையின் தாடை இறுகியது.

"மூட்டு ஒரே கோணல்! வளைவுல பாருங்க, கொப்புளம்! என்ன தங்கக்கை சார், நான் சொல்றது சரிதானே?"

"க... கத்துக்குட்டி வேலை மேடம். அப்படித்தான் இருக்கும்."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

"உங்க செருப்பைத் துடைக்கக்கூட லாயக்கில்லை, இல்லையா?"

தங்கக்கையின் கண் வெனீரை விட்டு நகரவில்லை.

"ஏட்டு, உளி இருக்கா? இந்தக் குப்பையைப் பிச்சு எடுங்க. சாட்சிப் பொருள்."

ஏட்டு உளியை எடுத்தார். வெனீரின் ஓரத்தில் வைத்தார்...

"தொடாதேய்யா!"

தங்கக்கை பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டார்.

"பசை இன்னும் பிடிக்கலைய்யா, பாவி! கோணலாம்ல கோணல்! இந்த ஊர்ல ஒருத்தன் இப்படி மூட்டுப் போடுவானா? இந்தச் சோம்பேறியா போட்டான்? நான் போட்டது! நான்...!"

சட்டென்று நிறுத்தினார்.

ரொம்பவே தாமதமாக.

"காலையிலயே வீட்டுக்குப் போயிட்டதா சொன்னீங்களே..." இன்ஸ்பெக்டர் குரலில் தேன் வழிந்தது. "வந்ததுலேருந்து பிணத்தை ஒரு தடவை பார்த்தீங்க. மத்த நேரமெல்லாம் மணல் பையிலயே கண்ணு. அப்பவே சந்தேகம். எதுக்குக் கொன்னீங்க?"

தங்கக்கை பிணத்தை வெறுப்போடு பார்த்தார்.

"வெனீர் ஊறிக்கிட்டு இருக்கு, மணல் அடுப்புல காயுது... அப்ப வந்து சொல்றான், 'இதெல்லாம் எதுக்குய்யா, மர டிசைன் போட்ட ஸ்டிக்கர் கிடைக்குதாமே, ஒட்டிட்டுப் போ'ன்னு. என்கிட்ட! கையில கிளாம்ப் இருந்துச்சு..."

"அடிச்சதும் ஓடியிருக்கலாமே?" என்றார் ஏட்டு.

"ஊற வெச்ச வெனீர் வீணாயிடாதா?"

"பக்கத்துல பிணம்யா!"

"அவன் எங்கயும் போகப் போறதில்ல. மணல் ஆறிடுமே!"

தம்பியின் கையிலிருந்து கழன்ற விலங்கு தங்கக்கையில் ஏறியது. நிரபராதி என்று தெரிந்ததும் தம்பிக்குப் பசி வந்துவிட்டது.

ஜீப்பில் ஏறும்போது தங்கக்கை தயங்கினார். தூக்குக் கயிற்றைப் பற்றிய பயம் அந்தக் கண்களில் இல்லை. வேறு பயம்.

"மேடம்... உண்மையைச் சொல்லுங்க. அந்த மூட்டு நிஜமாவே கோணலா?"

இன்ஸ்பெக்டர் ஜீப் கதவை அறைந்து சாத்தினார்.

"எனக்கென்ன தெரியும்? எங்க வீட்டு சாப்பாட்டு மேஜையே ஸ்டிக்கர்தான்யா!"